தடைக்காலத்தில் ஆறு மணி

வஞ்சிரம் ஒரு கிலோ விற்கிற விலைக்கு
ஆறு மீன் வாங்கி வந்தான் தேசிங்கு.
எல்லாம் சேர்த்துத் தராசில் போட்டால்
நூறு கிராம் தேறாது.
திருப்பாப்புலியூர்க் கடையில்
ரெயின்போ என்று எழுதி ஒட்டியிருந்ததாம்.
பையைத் தூக்கி ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன்.
சாம்பல். அசல் அடுப்புச் சாம்பல்.
"உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்றேன்.
பதினேழு வருஷமாய்த் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவள் நான்,
செவுளைத் தூக்காமலே சொல்வேன்
எந்த மீன் எத்தனை நாள் ஐஸில் கிடந்ததென்று.

ஏதோ தீவின் ஆற்று மீனாம்.
நம் வீட்டு போர் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்குமாம்.
பருப்பு வேகாத தண்ணீர்,
குக்கரில் சுண்ணாம்பு படிகிற,
குளித்தால் முடி தேங்காய்க் கயிறாகிற தண்ணீர்.
சோனங்குப்பத்துக்கு வாழவந்த நாளிலிருந்து
அதைப் புகழ்ந்து ஒருவர் பேசி
அன்றுதான் கேட்டேன்.

என் நாள் இரண்டரைக்குத் தொடங்கும்.
திரும்பும்போது வெயில் உச்சியில் நிற்கும்.
தொட்டியில் அதே ஆறு சாம்பல்
பாசியைக் கொத்திக்கொண்டிருக்கும்.
"காலைல ஆறு மணிக்கு நீ பாக்கணும்" என்பான்.
"லைட்டு போட்டதும் பத்தே நிமிஷம்.
முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு,
நெத்தியில ஒரு கோடு மின்னி மின்னி அணையும்."

கைக்கு வராத மீனைப் பற்றி
எல்லா ஆம்பிளையும் இப்படித்தான்.
வலையைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு,
வாலு மட்டும் ஒரு ஆள் உயரம்.
சோற்றைப் பிசைந்தபடி உம் கொட்டுவேன்.

தை மாதம் ஒன்று
மூடி இடுக்கில் துள்ளி
பீரோவுக்குப் பின்னால் விழுந்து காய்ந்தது.
கருவாடுகூட இல்லை, காகிதம்.
செத்த மீனைப் பார்க்காதவளா நான்.
ஆனாலும் அன்று ராத்திரி
இடுக்கைச் செல்லோடேப்பால் ஒட்டியது நான்தான்.

சித்திரை பிறந்ததும் தடை.
அறுபத்தோரு நாள் விசைப்படகுகளுக்குக் கடல் இல்லை.
எனக்கு வேலை இல்லை என்று
உடம்புக்கு யார் சொல்வது?
இரண்டரைக்கு விழித்து
இருட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.
ஆறு மணிக்கு அவன் சுவிட்சைத் தட்டினான்.

பொய் சொல்லவில்லை அவன்.
குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான்.
இரண்டு ஆண்மீன்கள்
விலாவுக்கு விலா நின்று துடுப்பை விரித்தன.
ஸ்டவ் தீயின் அடியில் இருக்குமே, அந்த நீலம்.
சுட்ட பனம்பழத்தைப் பிய்த்தால் வருமே, அந்த நிறம்.
நீறு பூத்துக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.
பழக்கதோஷம், வாய் ஒரு விலையைத் தேடிற்று.
ஒன்றும் வரவில்லை.

ஊட்டிக்கென்று வாங்கிய பச்சை ஸ்வெட்டர்.
கடலூரில் அதற்கு என்ன உத்தியோகம்?
ஒரு கையைப் பிரித்துக்
கொத்தாகக் கட்டித் தொட்டியில் தொங்கவிட்டான்.
நான்காம் நாள் நூலெல்லாம் முட்டை,
கடுகில் பாதி, கண்ணாடியாய்.
அப்புறம் ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி.
கண் என்றான்.
"கடலுக்குள்ளயும் இப்ப இதான் நடக்குது,
அதுக்குத்தான் இந்தத் தடையே."
நிவாரணப் பணம் இன்னும் ஏறவில்லை என்றேன்.

தடை முடிந்து படகுகள் திரும்பும் இரவு.
கிளம்புமுன் ஓர் ஆசை,
இரண்டரைக்கு விளக்கைப் போட்டேன்.
ஐந்தும் பதறிக் கண்ணாடியில் மோதி
வெளிறி நின்றன.
உடனே அணைத்துவிட்டேன்.
அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது
துறைமுகத்தில்தான் தெரிந்தது.

கூடை கூடையாய் இறங்கியது சங்கரா.
நாலாயிரம் ஒருதரம்,
நாலாயிரம் ரெண்டுதரம்,
படகுகளுக்குப் பின்னால் வானம் வெளுத்தது.
யாருடைய போனிலோ ஆறு மணி அலாரம்.
என் வாய் நின்றுவிட்டது,
ஒரே ஒரு மூச்சு நேரம்.

ஏதோ தந்திரம் என்று நினைத்துக்கொண்டு
பண்ருட்டி வியாபாரி
இருநூறு ஏற்றிக் கேட்டார்.